பிரேக் தூசி எங்கே போகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. கராஜ் வைத்திருப்பவர்கள், பஸ்ஸும் ஆட்டோவும் ஓட்டுபவர்கள், தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் சக ஆசிரியர்கள், பிள்ளையைக் கராஜுக்கு வேலை பழக அனுப்பியிருக்கும் பெற்றோர் ஆகியோர் மட்டுமாவது தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

உராய்வுப் பாடத்தை நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மரக்குற்றி, ஒரு நியூற்றன் தராசு, ஒரு மேசை. குற்றியை மெல்ல இழுத்து, அது அசையத் தொடங்கும் கணத்தில் வாசிப்பை எடுக்கிறோம். மேலே இன்னொரு குற்றியை வைத்தால் வாசிப்பு கூடுகிறது. குற்றியைப் பக்கவாட்டில் சரித்து, தொடும் பரப்பைக் குறைத்துப் பார்த்தால் வாசிப்பு மாறுவதில்லை. 1699இல் பிரான்ஸ் நாட்டு அமொந்தோன் எழுதி வைத்த விதிகளும் இவைதான். பிறகு கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, உராய்வின் நன்மைகள், தீமைகள் என்று எழுதுகிறோம். நன்மைகளில் "வாகனங்களை நிறுத்த உதவும்" என்று வரும். தீமைகளில் "பொருட்கள் தேய்வடையும்" என்று வரும். அத்துடன் மணி அடித்துவிடும்.

அந்த இரண்டு வரிகளும் உண்மையில் ஒரே வரி. பிரேக் தேய்வதால்தான் வண்டி நிற்கிறது. தேய்ந்தது எங்கே போகிறது என்ற கேள்வி எங்கள் பாடத்தில் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: பாடத்தை மாணவனின் சூழலில் இருந்து தொடங்குங்கள். எங்கள் மாணவர்களின் சூழலில் கடலும் வயலும் இருப்பது போலவே பிரதான வீதியோரக் கராஜ்களும் இருக்கின்றன. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகளில் கெட்டிக்காரக் கை உள்ளவர்கள் பலர் அங்கேதான் நிற்கிறார்கள். கடந்த விடுமுறையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் சிலர் பாடத்துக்குப் பழைய பிரேக் ஷூ தேடி அந்தக் கராஜ்களுக்குப் போனோம். அங்கே பார்த்ததும், அதன் பிறகு வாசித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் பிரேக் லைனர் என்றால் என்ன என்று பார்ப்போம்.

பஸ்ஸிலும் லொறியிலும் சில்லோடு சேர்ந்து சுழல்வது வார்ப்பிரும்பு டிரம். அதன் உட்புறத்தில் போய் அழுத்துவது பிரேக் ஷூ. ஷூவின் மேல் ரிவெட் அடித்தோ ஒட்டியோ இருக்கும் பழுப்பு அல்லது கறுப்புத் துண்டுதான் லைனர். பார்த்தால் கல் போல இருக்கும். ஆனால் அது கல்லும் இல்லை, இரும்பும் இல்லை. அது நார் சேர்த்து உறுதியாக்கிய பல்பகுதியம். நார், பிசின், வேறு பல தூள்கள் எல்லாவற்றையும் அச்சிலிட்டு, சூடாக்கி, அழுத்தி எடுத்த ஒரு கூட்டுப் பொருள்.

பிசின் பெரும்பாலும் பீனோல் பிசின். லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்த பேக்கலைட்டின் குடும்பம். பொலித்தீன் போலச் சூட்டில் உருகாது என்பதால் அதைத் தெரிந்தார்கள். நாராக உருக்கு, கண்ணாடி, பாறைக்கம்பளி, அரமிட் என்று பல வகை சேர்ப்பார்கள். அரமிட் என்பது குண்டு துளைக்காத அங்கி செய்யும் அதே நார். சறுக்கலுக்குக் கொஞ்சம் காரீயம், பிடிப்புக்குக் கொஞ்சம் அலுமினாத் தூள், இடத்தை நிரப்பப் பேரியம் சல்பேற்று. இன்னொரு சாமானும் உண்டு. அதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். கஜு! மரமுந்திரிகைக் கோதில் இருந்து எடுக்கும், தோலில் பட்டால் புண்ணாக்கும் எண்ணெயை இறுக்கித் தூளாக்கி லைனரில் சேர்ப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். பிரேக் சத்தமில்லாமல், அதிராமல் பிடிப்பதற்கு அது உதவுகிறது.

ஏன் இவ்வளவு சிக்கல்? இரும்பின் மேல் இரும்பையே வைத்து அழுத்தினால் நிற்காதா? நிற்கும். ஆனால் இரண்டு உலோகங்கள் அழுத்தத்தோடு உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிபடும். ஒரு முறை பிடிக்கும், ஒரு முறை வழுக்கும். டிரம்மும் கீறுபட்டுப் போகும். லைனரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.3க்கும் 0.5க்கும் இடையில்தான். அது பெரிய எண் இல்லை. சாரதிக்குத் தேவை பெரிய எண்ணும் இல்லை. காலையிலும் மாலையிலும், மழையிலும் வெயிலிலும் மாறாத எண்.

இன்னொரு காரணமும் உண்டு. டிரம் விலை கூடியது, லைனர் விலை குறைந்தது. இரண்டில் ஒன்று தேயத்தான் வேண்டும் என்றால், லைனர் தேயட்டும் என்று தீர்மானித்து அதைச் செய்திருக்கிறார்கள். அழிறப்பரை நினைத்துப் பாருங்கள். தாள் கிழியாமல் இருக்க, அழிறப்பர் தான் உதிர்ந்து கொடுக்கிறது. இதில் நாரின் தெரிவு முக்கியம். கண்ணாடி நார் கடினமானது. அளவுக்கு மிஞ்சினால் எதிரே உள்ள உலோகத்தையே அது கீறத் தொடங்கும். அரமிட்டும் காபன் நாரும் உலோகத்தோடு மென்மையாக நடந்துகொள்ளும். யார் தேய்வது, எவ்வளவு தேய்வது என்பதை நாரைத் தெரிவு செய்பவர் தீர்மானிக்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு எங்கள் கையிலேயே உதாரணம் இருக்கிறது: வெண்கட்டி. கரும்பலகையில் உரசும்போது வெண்கட்டி தேய்கிறது. தேய்ந்ததில் ஒரு பகுதி பலகையில் படிந்து எழுத்தாகிறது. மிச்சம் தூசியாகக் கீழே விழுகிறது, கொஞ்சம் எங்கள் மூக்குக்குள்ளும் போகிறது. பிரேக்கிலும் இதே மூன்றுதான். லைனரில் இருந்து உதிர்ந்த தூளில் ஒரு பகுதி டிரம்மில் மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் சீராக இருந்தால் பிரேக் சீராகப் பிடிக்கும். அதனால்தான் புது லைனர் போட்டவுடன் "கொஞ்சம் ஓடினாப் பிறகுதான் பிடிக்கும்" என்று பாஸ்மார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது நூறு வீதம் சரி.

லைனரின் பக்கத்தில் நடப்பது இன்னும் அழகு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேய்ந்த பிரேக் பேட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து 2000ஆம் ஆண்டளவில் எழுதினார்கள். பிசின் கெதியாகத் தேய்ந்து பள்ளமாகிறது. கடினமான நார் முனைகள் தேயாமல் மேடாக எஞ்சுகின்றன. உதிர்ந்த தூள் அந்த மேடுகளின் ஓரத்தில் தேங்கி, அழுத்தத்தில் இறுகி, சின்னச் சின்னத் திட்டுகளாகிறது. ஒரு முழு பஸ்ஸையும் நிறுத்துவது இந்தத் திட்டுகள்தான். மீதிப் பரப்பு தொடுவதே இல்லை. மரக்குற்றியைச் சரித்தாலும் வாசிப்பு மாறாததற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பரப்பு வேறு, உண்மையில் தொடும் பரப்பு வேறு.

இனி மலைக்குப் போவோம். எங்கள் பகுதிப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் நுவரெலியா, பண்டாரவளை, எல்ல. பிறகு வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில், ஊர். எல்ல கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம். வெல்லவாய ஏறத்தாழ 200. பிள்ளைகளோடு 10 தொன் நிறையுள்ள பஸ் ஒன்று அந்த 800 மீற்றர் இறங்கும்போது எவ்வளவு அழுத்த சக்தியை இழக்கும்? எங்கள் மாணவர்களே போடக்கூடிய கணக்கு. 10,000 x 10 x 800. எட்டுக் கோடி யூல். 30 பாகை செல்சியஸில் உள்ள 270 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். இதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். சாரதி சின்னக் கியரில் இறங்கினால் எஞ்சினின் பங்கு கூடும். பெரிய கியரில், நியூட்ரலில் இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் லைனரின் தலையில்தான்.

பீனோல் பிசின் உருகாது என்றேன். கருகாது என்று சொல்லவில்லை. ஏறத்தாழ 300 பாகையைத் தாண்டும்போது அது சிதையத் தொடங்கி வாயுவை விடும். லைனருக்கும் டிரம்முக்கும் இடையில் பிடிப்புக் குறையும். சூட்டில் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். சாரதி மிதிக்கிறார், வண்டி கேட்பதில்லை. "பிரேக் இல்லாமல் போனது" என்று நாங்கள் சொல்லும் விபத்துகள் எல்லாவற்றிலும் குழாய் வெடித்திருக்க வேண்டும் என்றில்லை. எல்லாப் பாகமும் இருந்தும், உராய்வு மட்டும் இல்லாமல் போகலாம். கருகிய வாசம் வருவது முதல் எச்சரிக்கை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிமார் சொல்லும் விதிக்குள் இவ்வளவு பௌதிகமும் இருக்கிறது.

சுற்றுலாவுக்கு பஸ் பேசும்போது நாங்கள் பாட்டுப்பெட்டி இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம். லைனர் எப்போது மாற்றியது என்று கேட்பதில்லை. இனிக் கேட்போம். இறக்கத்தில் வாசம் வந்தால் நிறுத்தி ஆறவிடச் சொல்வோம். அவசரத்துக்குச் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற விடக் கூடாது, வார்ப்பிரும்பு வெடிக்கும்.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். தேய்ந்த லைனரில் படலமாகப் படிந்தது போக மிச்சம் எங்கே?

லைனரின் வரலாறு இங்கிலாந்தின் டர்பிஷையரில் தொடங்குகிறது. மலைப்பாதையில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் சில்லில் பழைய சப்பாத்தைச் செருகி வேகத்தைக் குறைப்பதை ஹேர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார் என்று சொல்வார்கள். 1897இல் அவர் பிரேக்குக்கென்றே தனியான பொருளைச் செய்யத் தொடங்கினார். முதலில் பருத்தித் துணியைப் பாவித்தார்கள். மோட்டார் வண்டியின் சூட்டுக்குப் பருத்தி தாங்கவில்லை. 1908இல் கல்நாருக்கு மாறினார். கல்நார் என்றால் அஸ்பெஸ்டஸ். எரியாது, உக்காது, மலிவு, பிசினோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு உலகத்தின் பிரேக்குகள் அதில்தான் ஓடின.

அந்த நாரின் மறுபக்கம் அதே நாட்டிலேயே வெளியில் வந்தது. ரொச்டேல் நகரத்தில் நெல்லி கேர்ஷோ என்ற பெண் 12 வயதில் பாடசாலையை விட்டு ஆலைக்குப் போனார். சில மாதங்களில் அஸ்பெஸ்டஸ் ஆலைக்கு மாறினார். பல வருடங்கள் அந்த நாரை நூலாக நூற்றார். 1924இல் நுரையீரல் தழும்பேறி இறந்தார். வயது 33. எங்கள் வயது. வைத்தியர் குக் அவருடைய நுரையீரலில் அந்தக் கனிமத் துணிக்கைகளைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். இன்று எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய், தூசியைச் சுவாசித்து 20, 30, 40 வருடம் கழித்தும் வரும். 17 வயதில் சுவாசித்ததற்கு 50 வயதில் கணக்குக் கேட்கும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரேக்கின் சூட்டில் லைனரில் உள்ள அஸ்பெஸ்டஸின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது. ஆகவே தேய்ந்த தூசி முழுவதும் அஸ்பெஸ்டஸ் என்று பயமுறுத்துவது சரியில்லை. ஆனால் எல்லாம் மாறுவதில்லை. மேலும் புது லைனரைத் துளையிடும்போதும், ஓரம் அராவும்போதும், மினுங்கிப்போன முகத்தை சேண்ட் பேப்பரால் தேய்க்கும்போதும் பறப்பது சூடே படாத நார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அஸ்பெஸ்டஸை முற்றாகத் தடைசெய்தது. அஸ்பெஸ்டஸ் போன இடத்துக்குச் செம்பு வந்தது. செம்புத் தூள் மழையில் கழுவுண்டு ஆற்றுக்குப் போய் மீன்களைப் பாதிக்கிறது என்று கண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010இல் அதைக் குறைக்கச் சட்டம் போட்டன. ஐரோப்பாவில் 2024இல் ஏற்கப்பட்ட யூரோ 7 விதி, புகைக்குழாயோடு நிற்காமல் பிரேக் தூசிக்கும் முதன்முறையாக எல்லை வைத்திருக்கிறது. மின்சாரக் கார் வந்தாலும் பிரேக் இருக்கும், தூசி இருக்கும். தேய்ந்தது மறைந்து போவதில்லை. நுரையீரலுக்கோ, ஆற்றுக்கோ, மண்ணுக்கோ போகிறது.

எங்கள் ஊர்க் கராஜில் அது எங்கே போகிறது என்பதை நாங்கள் நேரே பார்த்தோம். டிரம்மைக் கழற்றியவுடன் கொம்பிரசர் ஹோஸைப் பிடித்து ஒரு ஊது. கறுப்பாக ஒரு மேகம். கொம்பிரசர் இல்லாத இடத்தில் வாயால் ஊது. ஊதியவன் எங்களிடம் தரம் 11 வரை படித்த பிள்ளை.

"என்னடா தம்பி, மூக்கையாவது மூடு" என்றோம்.

"தூசிதானே சேர், ஒண்டும் செய்யாது. ஊதினாத்தான் கெதியா முடியும்."

கராஜ்காரர் நல்ல மனிதர். எங்களுக்குத் தேநீர் எடுத்து வரச் சொல்லிவிட்டு வந்து நின்றார். "நானா, இந்த லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கா?" என்று கேட்டோம். பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் அஸ்பெஸ்டஸ் இல்லை என்று போட்டிருந்தது. இன்னொன்று பெட்டியே இல்லாமல் வந்த லைனர். "முப்பது வருஷமா இதத்தான் சேர் செய்றம். யாரும் இதக் கேட்டதில்ல" என்றார். அவர் பேச்சில் கோபம் இல்லை. தானும் அந்த முப்பது வருடமும் ஊதியவர் என்பதை யோசித்தது போல் இருந்தது.

யாருடைய பிழைப்பிலும் கை வைக்க நாங்கள் இதை எழுதவில்லை. செலவில்லாமல் செய்யக்கூடிய சில விடயங்களைச் சொல்லத்தான். அமெரிக்காவில் 1994இல் இருந்து பிரேக் வேலைக்கு எழுதப்பட்ட விதியே இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: காற்றால் ஊதாதே, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதே, நனைத்துத் துடை.

ஆகவே டிரம்மைக் கழற்றும்போதே தெளிப்பான் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து மெல்லத் தெளியுங்கள். கீழே ஒரு பேசின் வையுங்கள், ஒழுகுவது அதில் விழட்டும். ஈரச் சீலைத்துண்டால் துடைத்து, அந்தத் துண்டை ஈரத்தோடேயே பையில் கட்டி ஒதுக்குங்கள். மறுபடி காயவைத்துப் பாவிக்க வேண்டாம். லைனரைத் துளையிடவோ அராவவோ தேய்க்கவோ வேண்டி இருந்தால் நனைத்துக்கொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். துணி மாஸ்க் இந்த நாரைத் தடுக்காது. நுண்துகளை வடிக்கும் மாஸ்க் வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய் பிள்ளையைத் தூக்க வேண்டாம். லைனர் வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் இல்லை என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். எழுதியிருந்தாலும் ஊத வேண்டாம். மற்ற நார்களின் தூசியும், நுண்ணிய உலோகத் தூளும் நுரையீரலுக்கு உணவில்லை.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உராய்வுப் பாடத்துக்கு ஒரு பழைய பிரேக் ஷூவையும் வகுப்புக்குக் கொண்டு போங்கள். வீட்டில் நன்றாகக் கழுவி, ஒட்டும் நாடா சுற்றி எடுத்துப் போங்கள். அதில் உராய்வு, வெப்பம், சக்தி மாற்றம், பல்பகுதியம், சுவாசத் தொகுதி என்று ஐந்து அலகுகள் இருக்கின்றன. தேய்ந்த லைனரின் தடிப்பையும் புதிய லைனரின் தடிப்பையும் வேணியர் இடுக்கியால் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு "இவ்வளவும் எங்கே போனது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பதில் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

பாடசாலையில் வைத்திருக்கும் வரை பிள்ளைகள் எங்கள் கையில் அமானிதம். வெளியில் போன பிறகும் "சேர்" என்று கூப்பிடுகிறார்கள் என்றால், சொல்லும் கடமையும் மிச்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தக் கராஜில் இப்போது டிரம்மின் பக்கத்தில் ஒரு தெளிப்பான் போத்தல் தொங்குகிறது. ஊரில் இன்னும் பல கராஜ்கள் இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றாகப் போவோம். உங்கள் ஊரில் உங்களிடம் படித்த பிள்ளை எந்தக் கராஜில் நிற்கிறான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். போகிற வழியில் இறங்கி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.